ஆர்ச்சா வைத்துத் தைத்த பை

அனார்குல் கைபட்ட பை எதுவும் தலைகுனிந்து வெளியே போனதில்லை. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். கேட்டவர்களிடம் சொல்வாள், கேட்காதவர்களிடம் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வாள்.

பிஷ்கெக்கில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி வீடு. கண்ணாடி போட்டு அடைத்த பால்கனிதான் அவளுடைய பட்டறை. ஐரோப்பாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து சந்தையில் இறங்கும் பழைய துணிகளுக்கு நடுவே தோல் கைப்பைகளும் நசுங்கிக் கிடக்கும். மற்றவர்கள் கோட்டுக்கும் பூட்ஸுக்கும் அடித்துக்கொள்ளும்போது அனார்குல் ஓரமாக நின்று பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பூஞ்சை வாடை வந்தால் பயமில்லை, வோட்கா தொட்டுத் துடைத்தால் போய்விடும். சிகரெட் வாடைதான் பிடிவாதக்காரி. தோல் அழுகிய வாடை வந்தால் கும்பிடு போட்டுக் கீழே வைத்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துத் தட்டுவாள். யாரோ ஒருத்தியின் ஹேர்பின், மக்கிப்போன பஸ் டிக்கெட், காகிதத்தோடு ஒட்டிக்கொண்ட மிட்டாய் எல்லாம் விழும். உள்துணியைப் பிரித்தெடுத்துத் துவைப்பாள். தோலுக்குத் தண்ணீர் காட்டுவதே இல்லை. பிழிந்து பிழிந்து ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான துணியில் சோப்பு நுரையை எடுத்துத் துடைப்பாள். வயிற்றில் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுவாள். தேய்ந்த மூலைகளை நிரப்பி, சாயத்தைப் பஞ்சால் ஒற்றி, காயவிட்டு, மறுபடி ஒற்றுவாள். கடைசியில் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிம்பு. அந்தக் களிம்பு அவளே கண்டுபிடித்தது. தொழிலுக்கு வந்த புதிதில், அப்பா குதிரைச் சேணத்துக்குத் தடவுவாரே என்று செம்மறியாட்டு வால்கொழுப்பை ஒரு பையில் தடவிவிட்டாள். வாங்கிக்கொண்டு போனவளைத் தெரு நாய்கள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வழியனுப்பி வைத்தன. அவள் கணவன் சோவெத்பெக் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அவன் மினிவேன் ஓட்டுகிறவன், ஊர்க்கதை முழுக்க அவன் வண்டியில்தான் ஏறி இறங்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஆர்ச்சாக் கொப்பைக் கொளுத்தி, அந்த மலைமரத்துப் புகையில் பையைக் காட்டுவாள். முன்னால் வைத்திருந்தவளின் நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் அவளோடு போகட்டும் என்பது கணக்கு. பிறகு சின்னதாக ஒரு ஆர்ச்சாத் துணுக்கை வெள்ளைக் கம்பளி நூலில் சுற்றி, அடிமூலையில் உள்துணிக்கும் தோலுக்கும் நடுவே வைத்துத் தைத்துவிடுவாள். வெறும் பை கைமாறக் கூடாதல்லவா. புதிதாக வாங்குகிறவளுக்கு அது அவளுடைய வாழ்த்து. வாங்குகிறவர்களிடம் மட்டும் சொல்ல மாட்டாள். எதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிறவள், இதைப் பற்றி மட்டும் ஏனோ பேசியதில்லை.

ஒரே மகள் அய்ஜிரெக் வசந்தத்தில் கல்யாணமாகிப் போனாள். கோடை முடியும்போது சம்பந்தி வீட்டிலிருந்து முறைப்படி விருந்துக்கு அழைப்பு வந்தது. அழைப்புக்குப் பின்னாலேயே மகளின் போனும் வந்தது.

"அம்மா, அங்க யாராவது கேட்டா தோல் சாமான் வியாபாரம்னு சொல்லு. செகண்ட்ஹேண்டுன்னு மட்டும் வாயத் திறந்துடாத."

"ஏன்டி, நான் என்ன திருட்டுச் சாமானா விக்கறேன்?"

"அத்தைக்குப் பழசுன்னாலே ஆகாதும்மா. எவ போட்டுக்கிட்டுச் செத்தாளோன்னு சொல்லுவாங்க. நான் அந்த வீட்ல வாழணும்ல? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சரி, சொல்லல."

வாக்குக் கொடுத்துவிட்டாள். இந்தப் பால்கனியில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் பள்ளிக்கூடப் பாடம் படித்தாள். தாய் தைக்கும்போது உள்துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்தவள். இப்போது வாயைத் திறக்காதே என்கிறாள். அனார்குலுக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிட வருத்தம் அதிகமாக வந்தது.

சம்பந்தி வீடு ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்த மாதிரி புதிதாகக் கட்டிய பெரிய வீடு. முற்றத்தில் அடுப்பு மூட்டி அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசல் நிலைக்கு மேலே ஆர்ச்சாக் கொத்து தொங்கியது. அனார்குலையும் சோவெத்பெக்கையும் கூடத்தின் உச்சியில், வாசலுக்கு எதிர்ப்பக்கத்து மரியாதை இடத்தில் உட்கார வைத்தார்கள். விரிப்பு நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள், ஜாம், உலர்ந்த பழம், குதிரைக்கறி. புது மருமகள் அய்ஜிரெக் வெள்ளை முக்காட்டோடு வாசலோரம் சமோவார் பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புது மருமகள் பெரியவர்கள் முன்னால் உட்காருவதில்லை. அவள் ஊற்றும் கிண்ணங்கள்தான் கைமாறிக் கைமாறித் தாயிடம் வந்தன.

சம்பந்தியம்மா ராய்ஹான் நல்ல உயரம், நல்ல குரல், நல்ல கைத்தாராளம். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. கண்ணேறுக்குப் பயம், கனவுக்குப் பயம், வீட்டுக்குள் யாராவது விசில் அடித்தால் பயம். பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டுப் பெண் தன் மகள் பழைய துணிச் சந்தையில் ஒரு கோட்டு எடுத்ததாகச் சொன்னதும் ராய்ஹான் இரண்டு தோளையும் உதறிக்கொண்டாள்.

"சீச்சீ! செத்தவ உடுத்துனதா இருந்தா? அவ பீடை நம்ம வீட்டுக்கு வரணுமா? எங்க வீட்ல ஒரு நூல்கூடப் பழசு நுழையாது. ஆமா, சம்பந்தி என்ன வியாபாரம்னு சொன்னீங்க?"

"தோல் சாமான்," என்றாள் அனார்குல். வாயிலிருந்த கறியோடு சேர்த்து மிச்சத்தையும் விழுங்கினாள். வாசலோரம் தேநீர் ஊற்றுகிற கை ஒரு கணம் நின்று மறுபடி ஊற்றியது.

சாப்பாடு முடிந்தது, சம்பந்திகளுக்குச் சீராக உடுப்புப் போடும் கியித் நேரம் வந்தது. சோவெத்பெக்குக்குத் தோளில் கோட்டும் தலையில் வெள்ளைத் தொப்பியும் போட்டார்கள். தொப்பி காதுவரை இறங்கியதில் பாதிக் கூடம் சிரித்தது. அனார்குலுக்கு வெல்வெட் மேலங்கி, பட்டு முக்காடு. கடைசியாக, செலோபேன் தாளில் சுற்றிய ஒரு கைப்பையை ராய்ஹான் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இத்தாலி சரக்கு, சம்பந்தி! ஒரு தடவகூட யார் தோள்லயும் ஏறல. உங்களுக்குன்னே வெச்சிருந்தேன்."

மாதுளைத் தோல் நிறத்தில், வாய் குறுகி வயிறு அகன்ற பை. அனார்குல் தாளைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அது அவளுடைய பை. இடப்பக்கக் கைப்பிடி அடியில் தையல் ஒரு நெல்லளவு மறுபக்கம் சாய்ந்திருந்தது. அதைத் தைத்த வாரம் கட்டைவிரல் சுட்டுக்கொண்டதால் ஊசியை வேறு மாதிரி பிடிக்க வேண்டியிருந்தது, அதன் அடையாளம் அது. அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே முதல்தரமான வேலை. கொடுக்க மனமில்லாமல் சந்தைக் கடைக்காரி ஒருத்தியிடம் கொடுத்தாள். எப்போதும் போலவே, "புதுப்பிச்சதுன்னு சொல்லித்தான் விக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தாள். எந்த வாய் மாற்றிச் சொன்னதோ. அதற்கப்புறம் அது கியித்தாக எத்தனை வீட்டுப் பெட்டி பார்த்ததோ. கியித் சாமானை யார் உபயோகிக்கிறார்கள்? இந்தச் சம்பந்தி போர்த்தியதை அந்தச் சம்பந்திக்குப் போர்த்துவதுதானே நாட்டு நடப்பு.

முதலில் சுருக்கென்றது. எனக்கா பழசு? அடுத்த மூச்சிலேயே நெஞ்சு விம்மியது. மூலையைத் தடவினாள். சாயம் துளி பிரியவில்லை. விளிம்பு வெடிக்கவில்லை. ஒரு நூல்கூடப் பழசு நுழையாத வீட்டுக்குள் நிமிர்ந்து நுழைந்து, இத்தாலி என்று பெயர் வாங்கிக்கொண்டு, சபையின் உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்று சோவெத்பெக் காதோரம் கேட்டான்.

"சும்மா இருங்க. இது என் பை."

"உன் பைதான். இப்பத்தானே குடுத்தாங்க."

"ஐயோ மனுஷா, நான் செஞ்ச பை!"

சோவெத்பெக் தொப்பியைத் தூக்கிப் பையை ஒருமுறை பார்த்தான். பிறகு அவசரமாகக் குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தை எடுத்து வாயை மூடிக்கொண்டான்.

சபையில் கொடுத்த பொருள் சபையைச் சுற்றி வர வேண்டும். பை கைமாறிக்கொண்டே போய், ராய்ஹானின் நாத்தனார் கலிபாவிடம் நின்றது. காது மந்தம், கண் மங்கல், மூக்கு மட்டும் வேட்டை நாய்க்குச் சமானம். பையை முகத்தோடு வைத்து இழுத்தாள்.

"ஆர்ச்சா வாசன வருது."

"அது இத்தாலித் தோல் வாசன, பெரியம்மா!" என்று ஒரு சின்னப் பெண் அவள் காதில் கத்தினாள்.

"போடி இவளே. ஆட்டுப்பட்டியில பொறந்து மலையில வளந்தவ நான். எனக்கு ஆர்ச்சா தெரியாதா?" கலிபாவின் விரல் பைக்குள் போய்த் துழாவியது. அடிமூலையில் நின்றது. "உள்ள என்னமோ வெச்சுத் தச்சிருக்கு."

பரிசுப் பொருளுக்குள் மறைத்து வைத்துத் தைத்த பொருளுக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். யாரோ அதை முணுமுணுப்பாகச் சொல்லியும்விட்டார்கள்: "சூனியம்."

ராய்ஹானின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாக் கண்ணும் அவள்மேல். கொடுத்தது அவள் கை.

"எனக்குத் தெரியாது! ரொட்டி மேல சத்தியமா எனக்குத் தெரியாது! சம்பந்தி, நம்புங்க. அது எங்களுக்கே வந்ததுதான். என் பெரிய மக புருஷன் வீட்ல கியித்தா போட்டாங்க..." பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப அது எங்களுக்கு வெச்சதா?"

"அதான் பெரியவளுக்குக் கரு தங்க மாட்டேங்குது," என்றது ஒரு குரல்.

"உன் முழங்கால் வலி எப்ப ஆரம்பிச்சது? நெனச்சுப் பாரு."

"அந்த வீட்டுக்காரி பார்வையே சரியில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே இல்லாத ஒரு குடும்பம் சூனியக்காரக் குடும்பமாகிவிட்டது. ராய்ஹான் அழ ஆரம்பித்துவிட்டாள். பெரிய மகளை இன்றைக்கே போய்க் கூட்டிவர வேண்டும் என்றார் ஒருவர். "எரிங்க, அடுப்புல போட்டு எரிங்க!" என்று கலிபா கையை ஆட்டினாள். மருமகனின் அண்ணன் பையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, முற்றத்து அடுப்பைப் பார்த்து நடந்தான்.

அனார்குல் மகளைப் பார்த்தாள். அய்ஜிரெக் சமோவாரைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. பையையும் தெரியும், உள்ளே இருப்பதும் தெரியும். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பேசு என்கிறதா, பேசாதே என்கிறதா, தாய்க்கே விளங்காத முகம். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ஒரு பாவமும் அறியாத குடும்பமும், எரியப்போகிற பையும் இன்னொரு பக்கம். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மகள் வாழ்க்கை பத்திரம். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பால்கனியில் எந்த முகத்தோடு உட்காருவது?

அவள் எழுந்து நின்றாள். வெல்வெட் மேலங்கி தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"தம்பி, அதக் கீழ வை."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அந்த ஆர்ச்சாவ வெச்சுத் தச்சது நான். எடுத்துட்டு வா இங்க. கத்திரி குடுங்க யாராவது."

கத்திரி வந்தது. பையை மடியில் போட்டு, "அடிமூலையில இருக்கும். வெள்ளக் கம்பளி நூல் சுத்தியிருக்கும்," என்று சொல்லிவிட்டுத்தான் தையலைப் பிரித்தாள். விரலை விட்டு எடுத்து விரிப்பில் வைத்தாள். விரல்நீள ஆர்ச்சாத் துணுக்கு, காய்ந்தும் பச்சை போகாமல், வெள்ளை நூல் சுற்றி, போர்சோக்குகளுக்கு நடுவே கிடந்தது.

கலிபா குனிந்து முகர்ந்தாள். "வெள்ள நூலு. கெட்டது நெனைக்கறவ வெள்ளையில சுத்த மாட்டா," என்று தீர்ப்பு சொன்னாள். கூடம் மூச்சுவிட்டது. ராய்ஹான் மட்டும் விடவில்லை. அவள் கண் துணுக்கிலிருந்து பைக்கும், பையிலிருந்து சம்பந்திக்கும் போயிற்று.

"அப்ப இது... பழசா?"

"பழசுதான், சம்பந்தி," என்றாள் அனார்குல். "மூட்டைக்குள்ள பூஞ்ச பூத்து, மூலையெல்லாம் நாய் கடிச்ச மாதிரி கெடந்துச்சு. கைப்பிடி கையோட வந்துச்சு. ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து நான் எழுப்புனேன். இத்தாலியில ஒருத்தன் செஞ்சான், சரி. நான் இன்னொரு தடவ செஞ்சேன். என் தொழிலே அதுதான். பழசு வாங்கி, சுத்தம் பண்ணி, பழசுன்னு சொல்லியே விக்கறேன். புதுசுன்னு நான் எவகிட்டயும் வித்ததில்ல. நடுவுல யாரோ மாத்திச் சொல்லியிருக்காங்க. உங்க பெரிய சம்பந்தி ஏமாந்தாங்க, நீங்க ஏமாந்தீங்க. யாரும் யாருக்கும் எதையும் வெக்கல. புகை காட்டி, நல்லா இருக்கணும்னு நெனச்சு வெச்ச ஆர்ச்சா அது. நீங்க இத ரெண்டு கையால எனக்கு நீட்டுனப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இதவிட எனக்கு என்ன சீர் வேணும்?"

அனார்குல் மகள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. உட்கார்ந்தாள்.

"பிரிச்சது நான். தச்சுட்டுத்தான் எந்திரிப்பேன். ஊசி இருந்தா குடுங்க."

ஒருவரும் அசையவில்லை. ராய்ஹான் அசையாமல் யார் அசைவார்கள்?

வாசலோரம் கிண்ணம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அய்ஜிரெக் உள்ளறைக்குப் போய் ஊசிப்பெட்டியும் ஒரு மெழுகுவத்தியும் எடுத்து வந்தாள். விரிப்பைச் சுற்றிக்கொண்டு, மாமனாரையும் மாமனாரின் அக்காவையும் தாண்டி, கூடத்தின் உச்சிக்கு நடந்து வந்தாள். வந்து, அத்தனை பேர் முன்னாலும் தாயின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். அவள் காதில் வாங்கவில்லை. நூலை மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, பையின் வாயை விரித்து உள்துணியை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தாள். வாய்ப்பாடு ஒப்பித்த நாளில் பிடித்த அதே பிடி.

"அத்தை," என்றாள், தலையைத் தூக்காமல், ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இந்தப் பைக்கு உள்துணி வெட்டுனது நான். தச்சது அம்மா. எங்க வீட்ல நாங்க சாப்பிட்டது இந்த வேலையிலதான். உங்ககிட்ட மறைக்கச் சொன்னதும் நான்தான். அம்மா இல்ல."

அனார்குலுக்கு ஊசி மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரிப்பில் கிடந்த ஆர்ச்சாத் துணுக்கை எடுக்கக் கை நீட்டினாள்.

"இருங்க," என்றாள் ராய்ஹான்.

எழுந்து வெளியே போனாள். கூடமே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. நல்ல உயரம் அல்லவா, ஸ்டூல்கூட வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு வாசல் நிலைக்கு மேலே தொங்கிய கொத்திலிருந்து ஒரு கொப்பைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. கொப்பைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"எதுக்குப் பழச வெச்சுத் தைக்கறீங்க? இந்தாங்க, புதுசு."

கலிபாதான் முதலில் சிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று காதில் விழாமலே சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

"ரெண்டும் இருக்கட்டும் சம்பந்தி," என்று அனார்குல் இரண்டையும் சேர்த்து அந்த வெள்ளை நூலிலேயே சுற்றி உள்ளே வைத்துத் தைத்தாள். ராய்ஹான் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் விரல் போகிற வேகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். தையல் முடிந்ததும் மூலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். "இதுவா நாய் கடிச்ச மாதிரி இருந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அய்ஜிரெக் எழுந்து தேநீர் ஊற்றப் போனாள்.

கிளம்பும்போது அனார்குல் செலோபேன் தாளை அங்கேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வண்டி வரைக்கும் வழியனுப்ப வந்த ராய்ஹான் அவள் கையைப் பிடித்தாள்.

"கியித்தப் பெட்டியில வெக்காம இன்னைக்கே மாட்டிக்கிட்டீங்களே. தெருவுல பாக்கறவங்க எங்கிட்ட ஏதாவது கேப்பாங்க, சம்பந்தி."

"கேக்கட்டும்," என்றாள் அனார்குல். "கேட்டா, யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க."